என் வீட்டுக்கு மட்டும் பழைய பக்கம்

தப்பா நினைச்சுக்கிடாதீங்க. ஒட்டுக்கேட்கணும்னு கேட்கல. பக்கத்து சீட்டுல இருந்துக்கிட்டு, ‘வெப்சைட்டைத் தொறந்தா பாதுகாப்பு இல்லன்னு வருதாம், கஸ்டமர் எல்லாம் ஓடுதாங்க’ன்னு நீங்க போன்ல புலம்பினா காதுல விழத்தான செய்யும். கேக் செஞ்சு விக்கீங்களோ? வீட்டுலயே வச்சா? நல்லது, நல்லது.

அது பெரிய வியாதி ஒண்ணும் இல்ல. சர்டிபிகேட் காலாவதி ஆயிருக்கும். வெப்சைட் அட்ரஸ் பக்கத்துல சின்னதா ஒரு பூட்டுப் படம் வரும்லா, அந்தப் பூட்டுக்கு உண்டான சர்டிபிகேட். அதைப் புதுப்பிக்காம விட்டா வாசலுக்கு வர்ற ஆளையெல்லாம் பிரவுசரே பயங்காட்டி விரட்டிடும். தானா புதுப்பிக்கிற மாதிரி சர்வர்ல ஏற்பாடு பண்ணலாம். ஆனா தானா நடக்குதான்னு அப்பப்ப போய்ப் பாக்கணும். தானா நடக்கும்னு நம்பி விட்டதெல்லாம்... சரி, விடுங்க.

உங்க சர்வரை யார் பாத்துக்கிடுதா? தங்கச்சி மாப்பிள்ளையா? பாஸ்வேர்டு அவர்கிட்ட மட்டும்தான் இருக்கா? ஏம்மா! சிரிக்காதீங்க. சொந்தக்காரங்க கையில சாவியைக் குடுத்துட்டு நிக்கிறவ சொல்லுதேன்.

மதுரை வரைக்கும்தான போறீங்க? நானும் அங்கதான். எங்க பாலிடெக்னிக்ல பயிற்சி வகுப்புக்கு அனுப்பிருக்காங்க. எனக்கே பயிற்சி! பாளையங்கோட்டையில ஒரு பாலிடெக்னிக்ல சர்வர் நிர்வாகி நான். உலகம்மாள்னு பேரு. அங்க ஒரு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினா பிரின்சிபாலே ‘உலகம்மா மேடத்தைக் கூப்பிடுங்க’ன்னுதான் சொல்லுவாரு. என் அனுமதி இல்லாம அங்க ஒரு ஃபைல் அசையாது. அப்பேர்ப்பட்ட என்னைய ஒருத்தி ஏமாத்தினா. வேற யாரும் இல்ல. எங்க மதினி.

மதினின்னா அண்ணன் பொண்டாட்டி. அதுக்கு முன்னாடியே அவ எனக்குச் சிநேகிதி. சண்முகவடிவுன்னு பேரு. பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. எங்க அண்ணன் ஆவுடையப்பனுக்கு அவளைப் பேசி முடிச்சதே நான்தான். தாலி ஏறின மறுநாள்ல இருந்து வடிவுங்கிற பேரை விட்டுட்டு மதினின்னு கூப்பிட ஆரம்பிச்சேன். ‘நீ வா போ’வை மட்டும் விடல. அவ்வளவு ஒட்டு.

எங்க அண்ணன் கங்கைகொண்டான் பக்கத்துல வண்டியில அடிபட்டான். அவனுக்கு அபூர்வமான ரத்த வகை. ஆஸ்பத்திரியில இல்ல. மதினி ரத்த வங்கி ரத்த வங்கியா செருப்புகூட இல்லாம ஓடினா. நான் ஒரு மூலையில நின்னு தெரிஞ்சவங்களுக்கெல்லாம் போன் மேல போன் போட்டேன். ஒருத்தர் சங்கரன்கோவில்ல இருந்து கிளம்பி வரத்தான் செஞ்சாரு. அவர் வந்து சேர்றப்ப அண்ணன் இல்ல.

பதினாறு முடிஞ்ச கையோட ரெண்டு பேரும் உக்காந்து பேசினோம். இன்னொருத்திக்கு இந்த ஓட்டம் வரக்கூடாதுன்னு மதினி சொன்னா. அப்ப ஒரு வெப்சைட் ஆரம்பிப்போம், யார் யாருக்கு என்ன ரத்தம், எந்த ஊர்னு போட்டு வைப்போம்னு நான் சொன்னேன். அண்ணன் பேர்லயே ஆரம்பிச்சோம். முகப்புல அவன் போட்டோ. ஆள் சேக்கிறது மதினி பொறுப்பு. அவ மாவுக்கடை வச்சிருக்கா, இட்லி மாவு. வர்ற போறவங்ககிட்டயெல்லாம் ரத்த வகை கேட்டுக் கேட்டே ஊரைச் சேத்துட்டா. சர்வர் என் பொறுப்பு.

நான் சும்மா ஏனோதானோன்னு பண்ற ஆள் கிடையாது பாத்துக்கிடுங்க. நீங்களும் கவனிச்சுக்கிடுங்க, உங்களுக்கு உபயோகப்படும். ஒரு ஃபோல்டருக்கும் எல்லாருக்கும் எழுதுற அனுமதி குடுக்கக் கூடாது. அவசரத்துக்குன்னு தொறந்து விடுவாங்க, அப்படியே கிடக்கும், எவனாவது உள்ள வந்து குடித்தனம் பண்ணுவான். பேக்கப்னு ஒரு நகல் எடுத்தா வெப்சைட் இருக்கிற ஃபோல்டருக்குள்ளயே போட்டு வைக்கக் கூடாது. வேற இடத்துல, முடிஞ்சா வேற ஊர் சர்வர்ல வைக்கணும். இதெல்லாம் நான் பண்ணினேன். கொடையாளர் பதியணும்னா முழு விவரம், அடையாள அட்டை, ஈமெயில்ல வர்ற லிங்க்கை அழுத்தி உறுதி பண்ணணும், அப்புறம் நான் பாத்து அனுமதிக்கணும். ரத்தம் கேக்குறவங்களும் கணக்கு ஆரம்பிச்சுத்தான் கேக்கணும். ஒழுங்குன்னு ஒண்ணு வேணும்லா?

மதினிக்கு அது பிடிக்கல. “உலகு, ரத்தம் வேணும்னு வர்றவன் கை நடுங்கிக்கிட்டு வருவான். அவன்கிட்டப் போயி பாஸ்வேர்டுல ஒரு பெரிய எழுத்து, ஒரு நம்பர், ஒரு குறி வேணும்னு கேக்கியே”ன்னா. போன்ல பாத்தா எழுத்து எறும்பு மாதிரி தெரியுது, பொத்தானை அழுத்த முடியலன்னா. நான் போன்ல எதையும் பாக்கிறதில்ல. இந்தா பாருங்க, பட்டன் போன்தான் வச்சிருக்கேன். போன்ல இன்டர்நெட் வச்சிருக்கிறது பாதுகாப்பு கிடையாது. கம்ப்யூட்டர் இருக்கிறவன் கம்ப்யூட்டர்ல பாக்கட்டும்னேன்.

அதுக்கப்புறம் ஒருத்தன் நம்ம வெப்சைட்டுக்குள்ள வந்து, ‘செத்துப்போனவன் பேர்ல விளம்பரமா’ன்னு எழுதிட்டுப் போனான். எனக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொருத்தர் இன்டர்நெட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு, ஐ.பி. முகவரின்னு சொல்லுவாங்க. சர்வர்ல ஒரு வரி எழுதினா அந்த நம்பர்ல இருந்து வர்றவனுக்குக் கதவு தொறக்காது. எழுதினேன். அவன் வேற நம்பர்ல வந்தான். போன் நம்பர்தான, மாறிக்கிட்டே இருக்கும். அதனால அந்த போன் கம்பெனியோட நம்பர் எல்லாத்தையும் மொத்தமா அடைச்சேன். ஆமா, அந்தக் கம்பெனி சிம் வச்சிருக்கிற யாருக்கும் தொறக்காது. ஊர்ல பாதிப் பேர்கிட்ட அந்த சிம்தான். பாதுகாப்புன்னா கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தான செய்யும்?

அதுல ஒரு நாள் கயத்தாறுல இருந்து ஒருத்தன். பொண்டாட்டிக்குப் பிரசவம், ரத்தப்போக்கு. நம்ம வெப்சைட்டைத் தொறந்திருக்கான், தொறக்கல. யாரோ மாவுக்கடையைக் கைகாட்டி, ஓடி வந்து மதினி முன்னால நின்னிருக்கான். மதினி கடையை அப்படியே போட்டுட்டு ஆள் பிடிச்சுக் குடுத்திருக்கா. அந்தப் பொண்ணு பொழைச்சுக்கிட்டா. பொழைச்சுக்கிட்டால்லா, பிறகு என்ன? ஆனா அன்னைக்கு மதினி என்கிட்ட வந்து ஒரு மாதிரி பாத்தா. அந்த அடைப்பை எடுன்னா. யோசிக்கிறேன்னேன். நான் அவசரப்பட்டு எதையும் மாத்துற ஆள் இல்ல.

கோவில்பட்டி வந்துட்டு போலுக்கு. கடலை மிட்டாய் வாங்கணுமா உங்களுக்கு? வேண்டாமா? சரி.

அதுக்கப்புறம்தான் எனக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுத்தாங்க. எழுந்திரிச்சு உக்காரக் கூடாதுன்னுட்டாங்க. மதினி எங்க வீட்டுலயே வந்து கிடந்தா. கஞ்சி வச்சுக் குடுத்தா, கால் அமுக்கி விட்டா, தலை வாரி விட்டா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். சர்வரை யார் பாக்குறது? நான் படுத்துக்கிட்டே சொல்லுவேன், அவ டைப் அடிப்பா. மாவு ஆட்டுற கை, என்ன வேகங்கிறீங்க! சர்வருக்குள்ள போற சாவியைக் குடுத்தேன். எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தேன். லாக்னு ஒரு ஃபைல் இருக்கும், யார் வந்தா, எந்த நம்பர்ல இருந்து வந்தா, எந்தப் பக்கத்தைப் பாத்தான்னு சர்வர் அதுல எழுதிக்கிட்டே இருக்கும், அதைத் தினமும் படிக்கணும். எதை மாத்தினாலும் முதல்ல சரிபாக்கிற கட்டளையைப் போடணும், ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் மொத்தமும் படுத்துரும். அப்புறம் இன்னொண்ணு. புதுசா ஒரு பக்கம் செஞ்சா உடனே ஊருக்குத் தொறந்து விடாதே. உன் வீட்டு நம்பர்ல இருந்து வந்தா மட்டும் புதுப்பக்கம், மத்தவங்களுக்குப் பழைய பக்கம்னு எழுதி வச்சுப் பாரு. திருப்தி ஆனப்புறம் எல்லாருக்கும் தொற.

இதையும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். என் வாயால.

உடம்பு தேறி எழுந்திரிச்சேன். அதுக்கப்புறம் பாருங்க, எங்களுக்குள்ள சண்டையே இல்ல. பட்டனைப் பெருசாக்குன்னு கேக்கல. பாஸ்வேர்டு ஏன்னு கேக்கல. அடைப்பை எடுன்னும் கேக்கல. நான் என்ன சொன்னாலும் ‘சரி உலகு’தான். திருந்திட்டான்னு நினைச்சேன். நான் சொன்னது கடைசியில விளங்கிருக்குன்னு ஒரு சந்தோஷம்.

தினமும் காலையில காபியோட உக்காந்து லாக்கைப் படிப்பேன். கூட்டம் குறைஞ்சிருந்துச்சு. சரி, வெட்டிப்பயலுவ ஒழிஞ்சாங்க, உண்மையான ஆளுங்க மட்டும் வர்றாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். தினமும் ஒருத்தர் ரெண்டு பேர் புதுசா பதிவாங்க. அந்தப் பதிவெல்லாம் மாவுக்கடை நம்பர்ல இருந்துதான் வரும். கடைக்கு வர்றவங்களுக்கு அவளே பதிஞ்சு குடுக்கா போலன்னு விட்டுட்டேன். உக்காந்து ஒவ்வொண்ணா சரிபாத்து அனுமதிப்பேன். போட்டோ மங்கலா இருந்தா, பின்கோடு தப்பா இருந்தா நிராகரிச்சுருவேன். அரைவாசி நிராகரிப்புதான். அதுக்கும் மதினி, ‘நீ செஞ்சா சரியா இருக்கும்’பா.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல ஓடிட்டு.

ஒரு நாள் ஆபீஸ்ல இருக்கேன். மெக்கானிக்கல்ல படிக்கிற ஒரு பிள்ளை வந்து நிக்கி. “மேடம், எங்க அப்பாவுக்கு நேத்து ஆபரேஷன். உங்க வெப்சைட்லதான் ரத்தம் கிடைச்சுது. ரொம்ப நன்றி மேடம்”ங்கு. எனக்கு நெஞ்சு நிறைஞ்சுட்டு. “எப்படிம்மா பண்ணின, கணக்கு ஆரம்பிச்சியா?”ன்னு கேட்டேன். “என்ன கணக்கு மேடம்? பொத்தானைத் தட்டினேன், மூணு பேர் நம்பர் வந்துச்சு, முதல் ஆளே வந்துட்டாரு”ன்னுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. காட்டுன்னேன். போனை நீட்டிச்சு.

எங்க அண்ணன் சிரிக்கான். அதே போட்டோ. அதே பேர். அதே முகவரி. ஆனா அது என் பக்கம் இல்ல. முழுக்கப் பச்சைக் கலர். நடுவுல இட்லித் தட்டு மாதிரி பெருசா ஒரு சிவப்புப் பொத்தான்: ‘இப்ப ரத்தம் வேணும்’. அவ்வளவுதான். பாஸ்வேர்டு இல்ல, உறுதி பண்றது இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

என் கம்ப்யூட்டர்ல தொறந்தேன். என் பக்கம் வருது. அந்தப் பிள்ளை போன்ல, சிம் நெட்டுல, பச்சைப் பக்கம் வருது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கிறேன். எவனோ உள்ள பூந்துட்டான்னுதான் முதல்ல நினைச்சேன். சர்வருக்குள்ள போனேன். கட்டமைப்பு ஃபைலைத் தொறந்தேன். பாத்தா, நான் சொல்லிக் குடுத்த அதே வரி. அப்படியே திருப்பிப் போட்டிருக்கு. உலகம்மாள் வீட்டு நம்பர், பாலிடெக்னிக் நம்பர், மாவுக்கடை நம்பர் — இந்த மூணுல இருந்து வந்தா பழைய பக்கம். மத்த எல்லாருக்கும் புதுப்பக்கம். புதுப்பக்கத்துக்குத் தனி லாக், வேற இடத்துல. தொறந்து பாத்தேன். ஆளுங்கன்னா ஆளுங்க, நாகர்கோவில், தூத்துக்குடி, ராமநாதபுரம்... ஊர் ஊரா வந்துக்கிட்டே இருக்காங்க. நான் அடைச்ச போன் கம்பெனியும் தொறந்து கிடக்கு. இந்த ஒரு வருஷமும் என் பக்கத்துக்கு வந்தது யார்னு பாத்தா, நானும் அவளும்தான்.

நேரா மாவுக்கடைக்குப் போனேன். கிரைண்டர் ஓடிக்கிட்டிருக்கு. “வா உலகு, வெயில்ல வந்திருக்கியே, மோர் குடிக்கியா?”ன்னா.

“மோர் கிடக்கட்டும். பச்சைப் பக்கம் யாருது?”ன்னேன்.

கிரைண்டரை நிறுத்தினா. கையைத் துடைச்சுக்கிட்டே இருந்தா, துடைச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம், “நான் செஞ்சதுதான்”ன்னா. “வீடியோ பாத்துப் பாத்துப் படிச்சேன்.”

“என்னைய முட்டாளாக்கிட்டியே மதினி. ஊரெல்லாம் ஒண்ணு பாக்குது, நான் மட்டும் வேற ஒண்ணைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“கயத்தாறுக்காரன் வந்து நின்னான்லா உலகு. இந்தா, இந்த இடத்துலதான் நின்னான். கால்ல செருப்பு இல்ல. நான் அன்னைக்கு எப்படி ஓடினேன்னு அவனைப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. உன்கிட்ட எத்தனை தடவை கேட்டேன்? யோசிக்கிறேன், யோசிக்கிறேன்னே.”

“சண்டை போட்டிருக்கணும். நேருக்கு நேரா என்கிட்ட சண்டை போட்டிருக்கணும்.”

“சண்டை போட்டா நீ மொத்தத்தையும் அணைச்சுப் போட்டிருப்ப. அணைச்சிருப்பியா, மாட்டியா? சொல்லு.”

பதில் சொல்ற மாதிரியா கேக்கா?

“அப்ப எனக்குன்னு எதுக்குப் பழசை வச்சிருந்த? தினமும் ரெண்டு பேரை எதுக்குப் பதிஞ்ச?”

அவ கண்ணு கலங்கிட்டு. “காலையில எழுந்திரிச்சு நீ அதைத்தான பாக்க? உங்க அண்ணன் போனதுல இருந்து உனக்கு வேற என்ன இருக்கு? அதையும் நான் எப்படிப் பிடுங்குவேன்? புதுசுல சேர்றவங்கள்ல ரெண்டு பேரைத் தினமும் எடுத்துப் பழசுல பதிவேன். நீ பாத்து சரின்னு சொன்னா உனக்கு ஒரு திருப்தி.”

கேட்டீங்களா? ஒரு வருஷமா எனக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிப் போட்டிருக்கா. நான் நிராகரிச்ச ஆளெல்லாம் அங்க போய் ரத்தம் குடுத்துக்கிட்டு இருந்திருக்கான். அந்தப் பிள்ளையோட அப்பாவுக்கு வந்தவர்கூட நான் நிராகரிச்ச ஆளுதான், பின்கோடு தப்புன்னு. எதிரி பண்ணினா தாங்கிக்கிடலாம். தலை வாரி விட்ட கை பண்ணினா என்ன பண்ணச் சொல்லுதீங்க?

அங்க நின்னுக்கிட்டே சொல்லிட்டேன். “இனிமே நீ சர்வர் பக்கம் வரக்கூடாது. எங்க அண்ணன் பேர், எங்க அண்ணன் போட்டோ, எதையும் தொடக்கூடாது. தொட்டா கேஸ் போடுவேன்”னேன். எங்க அண்ணன்னுதான் சொன்னேன். அவளுக்கு அவன் யாருங்கிறது எனக்குத் தெரியாதா? கோபத்துல வர்றதுதான. அவ திரும்பிக் கிரைண்டரைப் போட்டா.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா அவ சாவியை ரத்து பண்ணினேன். எழுதிக்கிடுங்க, ஒருத்தர் போயிட்டா அவங்க சாவியை அன்னைக்கே எடுத்துரணும். பச்சைப் பக்கத்தை இறக்கினேன். ஊர் மொத்தத்துக்கும் என் பக்கத்தைத் தொறந்து விட்டேன். வந்தாங்க. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நிறையப் பேர் வந்தாங்க. கணக்கு ஆரம்பிக்கிற பக்கம் வரைக்கும் வருவாங்க, அங்கயிருந்து திரும்பிப் போயிருவாங்க. லாக்ல தெரியும்லா. பச்சை எங்கன்னு தேடிருப்பாங்க.

மறுநாளே அவ வேற பேர்ல ஆரம்பிச்சுட்டா. எப்படின்னு கேளுங்க. பேக்கப் வேற ஊர் சர்வர்ல வச்சிருக்கா. நான் சொல்லிக் குடுத்தபடியே! புது வெப்சைட்டுக்கு அண்ணன் பேர் இல்ல, போட்டோ இல்ல. ‘ரத்தம் வேணும்’னு மட்டும் பேர் வச்சிருக்கா. ஒரு வாரத்துல மொத்தக் கூட்டமும் அங்க போயிட்டு. இப்ப அண்ணன் பேர் என்கிட்ட இருக்கு. ஆளுங்க எல்லாம் அவகிட்ட இருக்காங்க.

சொந்தக்காரங்க எங்களைச் சேத்து வைக்கப் பாத்தாங்க. அவ ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தா. கதவைத் தொறக்கல. மாவு டப்பாவை வாசல்ல வச்சுட்டுப் போயிருந்தா. மாவை என்ன பண்றது, வீணாக்க முடியுமா? தோசை ஊத்திட்டேன். டப்பாவைக் கழுவி ஆள்கிட்ட குடுத்தனுப்பிட்டேன். அதோட சரி.

அதனால உங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன். நான் சொன்னதுல வேற எல்லாத்தையும் மறந்தாலும் இதை மறக்காதீங்க. உங்க வெப்சைட்டை உங்க வீட்டுல இருந்து மட்டும் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு நம்பிராதீங்க. அடுத்தவங்க போன்ல பாருங்க. தெரியாத ஆள் போன்ல பாருங்க. வெளிய இருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியுதுன்னு வெளிய நின்னு பாத்தாத்தான் தெரியும். இதை நான் எங்க பாலிடெக்னிக் பிள்ளைங்ககிட்டயும் சொல்லுதேன்.

இப்ப யார் வர்றாங்களா, என் பக்கத்துக்கு? ம்... ஒருத்தர் வர்றாங்க. தினமும் காலையில, நான் காபி குடிக்க உக்கார்ற நேரத்துக்கு. மாவுக்கடை நம்பர். ஆமா, அவதான். இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கா. பதிவு ஒண்ணும் பண்றதில்ல. முகப்பைத் தொறக்கா, அண்ணன் போட்டோ இறங்குது, அவ்வளவுதான் லாக்ல இருக்கு. வேற எதையும் தொடல. என்ன பண்ணுதேன்னு வேவு பாக்கா. வேற எதுக்கு வரணும்?

விடுவேனா? போன வாரம் அவ நம்பரையும் அடைக்கிறதுக்கு வரி எழுதிட்டேன். சரிபாக்கிற கட்டளை போட்டேன், தப்பு ஒண்ணும் இல்லன்னு வந்துட்டு. ஆனா எழுதினா மட்டும் பத்தாது பாத்துக்கிடுங்க. சர்வரை ரீலோட் பண்ணணும். ரீலோட் பண்ற வரைக்கும் நீங்க என்ன எழுதி வச்சிருந்தாலும் அது காதுல ஏறாது. பழையபடியேதான் வர்றவங்களை உள்ள விட்டுக்கிட்டு இருக்கும்.

இல்ல, இன்னும் பண்ணல. ஆள் நடமாட்டம் இருக்கிற நேரத்துல ரீலோட் பண்ணக் கூடாது. அது நல்ல பழக்கம் இல்ல. கூட்டம் கொஞ்சம் குறையட்டும், பண்ணிருவேன்.